மாப்பிள்ளை சம்பாவும் கோழியும் ஒரே பாத்திரத்தில்: அரிசி வேகுமுன் கறி உதிர்ந்துவிடுகிறது

காவிரிக்கரை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ளும்படி அப்பாவுக்கு மருத்துவர் சொல்லியிருப்பதால், சில மாதங்களாக எங்கள் வீட்டில் மாப்பிள்ளை சம்பா, வரகு, சம்பா கோதுமை ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சமைத்து வருகிறேன். வார நாள்களில் சிரமம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கும்போதுதான் சிக்கல். சோறு தனி, குழம்பு தனி என்று வைக்காமல், கறியின் சாறு முழுவதும் தானியத்துக்குள் இறங்கும்படி ஒரே பாத்திரத்தில் இளந்தீயில் வேகவைத்து, அப்படியே இறக்கிப் பரிமாற வேண்டும் என்பது என் ஆசை.

சென்ற ஞாயிறு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். தோல் நீக்கிய பிராய்லர் கோழி ஒரு கிலோ. மார்புக்கறியும் தொடைக்கறியும் கலந்திருந்தன. மாப்பிள்ளை சம்பா 300 கிராம் எடுத்து மூன்று மணி நேரம் ஊறவைத்தேன். அடி கனத்த பாத்திரத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, பட்டை, கிராம்பு, சோம்பு தாளித்து, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மூன்று தக்காளி, அரை டம்ளர் தயிர் சேர்த்து வதக்கி, கறியையும் அரிசியையும் ஒன்றாகப் போட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடினேன். அரை மணி நேரத்தில் திறந்து பார்த்தபோது கறி பதமாக வெந்திருந்தது. அரிசி நறுக்கென்று இருந்தது. மறுபடியும் மூடி, இடையில் இரண்டு முறை தண்ணீர் சேர்த்து, மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் வைத்தேன். தொடைக்கறி எலும்பை விட்டு உதிர்ந்தது, மார்புக்கறி பஞ்சை மெல்லுவது போல ஆயிற்று, அரிசியின் நடுவில் அப்போதும் கடினம் போகவில்லை, அடியும் பிடித்துவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார். அதுதான் எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது.

கறி, தானியம் இரண்டும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வருவதற்கு என்ன செய்ய வேண்டும்? தண்ணீரின் அளவில் தவறா, ஊறவைத்த நேரத்தில் தவறா, அல்லது இந்த அரிசியே இதற்கு ஒத்துவராததா? அனுபவமுள்ளவர்கள் சொல்லித்தர வேண்டுகிறேன்.


நொய்யல் அடுப்பு எழுதியது:

தம்பி, அரிசியின் மேல் குற்றமில்லை. கோழியின் மேலும் குற்றமில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் அடுப்பில் ஏற்றியதுதான் பிழை. பிராய்லர் கோழி ஏறத்தாழ ஆறு வாரத்தில் வெட்டப்படும் இளங்கறி. அதற்கு இளந்தீயில் அரை மணி நேரமே தாராளம். மாப்பிள்ளை சம்பாவோ தவிட்டோடு இருக்கும் மோட்டா அரிசி. இரவு முழுவதும் ஊறியிருந்தாலும் திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கேட்கும். நீங்கள் மூன்று மணி நேரம் மட்டுமே ஊறவைத்தீர்கள். அந்தச் சிவந்த தவிட்டுத் தோல் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. வெளிப்பக்கம் வெந்து பசையாகும்போதும் நடுமணி உலர்ந்தே கிடக்கும். ஒரு மணியை எடுத்து இரு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள். மையத்தில் சுண்ணாம்புப் பொட்டு போல ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் தண்ணீர் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தீட்டிய அரிசிக்குப் பொருந்தும். முழுத்தானியத்துக்கு மேலிருந்து இரண்டு மணி, அடியிலிருந்து இரண்டு மணி எடுத்துப் பார்க்க வேண்டும். கறித்துண்டின் மேல் ஒட்டிக்கொண்டு தண்ணீருக்கு வெளியே நின்றுவிட்ட மணிகள்தான் கடைசியில் வேகும்.

பிராய்லரை வைத்தே செய்ய வேண்டுமென்றால் வழி இருக்கிறது. முதலில் கறித்துண்டுகளின் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மஞ்சளும் உப்பும் தடவி, நன்கு காய்ந்த எண்ணெயில் நான்கைந்து துண்டுகளாகப் போட்டு, இருபுறமும் பொன்னிறமாகச் சிவக்கவிட்டு, தட்டில் எடுத்து வைத்துவிடுங்கள். ஈரம் இருந்தாலோ பாத்திரத்தை நிறைத்துப் போட்டாலோ கறி தண்ணீர் விட்டு அவியுமே தவிர சிவக்காது. சிவந்தபின் பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒட்டியிருக்குமே, அதைக் கழுவி ஊற்றிவிடாதீர்கள். வெங்காயம் போட்டு வதக்கும்போது அதன் ஈரத்தில் அது கரைந்து மேலே வரும். இந்தச் சமையலின் நிறமும் மணமும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன. பிறகு மசாலாவைச் சேர்த்து, இரவு முழுவதும் ஊறிய அரிசியையும், கழுத்து, முதுகெலும்பு, இறக்கை ஆகிய துண்டுகளை மட்டும் போட்டு வெந்நீர் ஊற்றி மூடுங்கள். நாற்பது நிமிடத்தில் அரிசி அரை வேக்காட்டைத் தாண்டிவிடும். அப்போது தட்டில் வைத்திருக்கும் தொடைக்கறியை அதில் வடிந்திருக்கும் சாற்றோடு சேர்த்துப் புதைத்து, தீயை அடக்கி, மேலும் இருபத்தைந்து முதல் முப்பது நிமிடம் வையுங்கள். மார்புக்கறி வேண்டாம், அதில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் குறைவு, எவ்வளவு கவனமாக வைத்தாலும் வறண்டுவிடும். வாங்கும்போதே காலும் தொடையுமாகக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், முழுத்தானியத்துக்கு ஏற்ற ஜோடி நாட்டுக்கோழிதான். முட்டையிட்டு முடித்த கோழியோ ஒரு வயது கடந்த சேவலோ ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம் இளந்தீயில் கிடந்தால்தான் வசப்படும். வயது ஏற ஏற இணைப்புத் திசு இறுகிப்போகிறது. 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் இருந்தால்தான் அது கரைந்து கூழாகிச் சாற்றில் இறங்கும். சம்பா கோதுமைக்கும் அவ்வளவு நேரமே வேண்டும். இரண்டையும் ஒன்றாக ஏற்றி ஒன்றாக இறக்கலாம். எங்கள் பக்கத்தில் கோழியின் இறகைப் பறித்தவுடன் தோலோடு மஞ்சள் பூசித் தீயில் வாட்டித்தான் துண்டு போடுவார்கள். அந்தத் தோலின் கொழுப்பு உருகிக் கோதுமை மணி ஒவ்வொன்றின் மேலும் மெருகு போட்டது போல் படியும். தோல் நீக்கிய கறியில் அது வராது.

அளவு சொல்கிறேன். தோலோடு வெட்டிய நாட்டுக்கோழி ஒரு கிலோ, பத்து மணி நேரம் ஊறிய சம்பா கோதுமை (உலர்ந்த எடையில்) 300 கிராம், உரித்த சின்ன வெங்காயம் கால் கிலோ, பூண்டு பதினைந்து பல், இரண்டு விரல் நீள இஞ்சி, காய்ந்த மிளகாய் எட்டு, கொத்தமல்லி இரண்டு மேசைக்கரண்டி, மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகமும் சோம்பும் ஒவ்வொரு தேக்கரண்டி, இரண்டு கொத்து கறிவேப்பிலை, நல்லெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி. மசாலாவை வெறும் சட்டியில் வறுத்துப் பாதி வெங்காயத்தோடு அரைத்துக்கொள்ளுங்கள். வெந்நீர் ஒன்றேகால் லிட்டர். கோழியும் கொஞ்சம் நீர் விடும், ஆகையால் தொடக்கத்தில் இதற்கு மேல் ஊற்ற வேண்டாம். குறைந்தால் பிறகு கொதிநீராகச் சேர்க்கலாம். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கொதி அடங்கிப் பதம் கெடும். முதல் கொதி வந்தபின் தீயை எவ்வளவு குறைக்க வேண்டுமென்றால், மூடியைத் திறந்து பார்க்கையில் பாத்திரத்தின் ஓரத்தில் மட்டும் சிறு குமிழிகள் எழ வேண்டும், நடுவில் தளதளவென்று கொதிக்கக் கூடாது. தளதளவென்று கொதித்தால் கறி சுருங்கிச் சாற்றைப் பிழிந்துவிடும். குமிழியே இல்லாவிட்டால் கோதுமை வேகாது.


கரிசல் களத்துமேடு எழுதியது:

அக்கா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். நேரம் குறைவாக இருக்கும் நாளுக்கு வரகைப் பற்றி எழுதலாம் என்று வந்தேன். வரகு, சாமை, குதிரைவாலி ஆகியவை மணியில் சிறியவை; உமி நீக்கியவை என்பதால் பதினைந்து, இருபது நிமிடத்தில் வெந்துவிடும். ஆகவே மாப்பிள்ளை சம்பாவுக்குச் செய்ததற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். கறியைச் சிவக்கவிட்டு, மசாலாவோடு கால் மணி நேரம் வேகவிட்டு, அதன் பிறகு, அரை மணி நேரம் ஊறி வடித்த வரகைப் போட வேண்டும். ஒரு டம்ளர் வரகுக்கு இரண்டு டம்ளர் சாறு போதும். பாத்திரத்தில் ஏற்கெனவே எவ்வளவு சாறு நிற்கிறது என்பதைக் கரண்டியால் அளந்து கழித்துவிட்டு மீதியை மட்டும் வெந்நீராக ஊற்றுங்கள். இந்த ஒன்றில் கவனம் தவறினால் சோறு கூழாகிவிடும். போட்ட பிறகு கிளறவே கூடாது. பதினைந்து நிமிடம் மிகச் சிறிய தீ, பிறகு அடுப்பை அணைத்துப் பத்து நிமிடம் மூடியபடியே விட்டுவிட்டால் மணி மணியாக மலர்ந்திருக்கும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த சமயத்தில் கடைகளில் சிறுதானியப் பொட்டலங்கள் வரிசையாக வந்து நின்றன. அவற்றுள் பளிச்சென்று வெளுத்திருப்பது தவிடும் தீட்டப்பட்டது. உங்கள் அப்பாவுக்காகத்தான் தானியத்தை மாற்றினீர்கள் என்றால், தீட்டிய வரகில் அந்த நோக்கமே பாதி போய்விடுகிறது. சற்று மங்கிய பழுப்பாக, கையில் அள்ளினால் லேசாக மாவுபோல் தவிடு ஒட்டும் வரகைக் கேளுங்கள். அதற்குத் தண்ணீரும் நேரமும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். தவிட்டில் எண்ணெய்ச் சத்து உள்ளதால் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். மாதக்கணக்கில் வாங்கி வைக்காமல் அளவாக வாங்குங்கள். கல்லும் இருக்கும், இரண்டு முறை அரித்து எடுப்பது நல்லது.

கம்பையும் சோளத்தையும் முழு மணியாக இந்தச் சமையலுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். எங்கள் ஊரில் கம்பை ஈரம் தெளித்துக் குத்தி, தவிட்டைப் புடைத்து, ஒன்றிரண்டாக உடைத்துத்தான் சோறாக்குவார்கள். அது களி போல இறுகும் சோறு. நாட்டுக்கோழிக் குழம்பைத் தனியாக வைத்து, நடுவில் குழி செய்து ஊற்றிச் சாப்பிடுவதற்கே உரியது. ஒரே பாத்திரத்தில் கறியோடு போட்டால் அடியில் இறுகிக் கட்டாயம் பிடித்துவிடும்.


சார்ஜாவாசி எழுதியது:

சம்பா கோதுமையும் இறைச்சியும் ஒரே பாத்திரத்தில் வேகும் முறை இங்கே வளைகுடாவில் மிகப் பழையது. ஹரீஸ் என்று பெயர். முழுக் கோதுமையை ஊறவைத்து, ஆட்டுக்கறியோ கோழிக்கறியோ சேர்த்து, உப்பும் தண்ணீரும் மட்டும் இட்டு, மணிக்கணக்கில் வேகவைத்து, பிறகு மரக்கட்டையால் அடித்துக் குழைப்பார்கள். மேலே நெய் ஊற்றுவார்கள். நோன்பு மாதத்திலும் திருமணங்களிலும் இது இல்லாமல் இருக்காது. ஹைதராபாதின் ஹலீம் இதன் வழிவந்ததே. நண்பர் கேட்பது குழைந்த உணவல்ல, மணி மணியாக நிற்கும் உணவு. ஆகையால் அடித்துக் குழைக்கும் கட்டத்துக்கு முன்பே நிறுத்திவிட்டால் போதும். பத்தாண்டுகளாக இங்கே சமைத்துப் பார்த்ததில் நான் அறிந்துகொண்டது, கோதுமைக்கும் கோழிக்கும் நடுவே மசாலா குறைவாக இருந்தாலும் குறை தெரியாது என்பதுதான்.

நேரத்தைக் குறைக்க நான் ஒரு வழி கையாள்கிறேன். ஊறிய கோதுமையைக் குக்கரில் மூன்று விசில் விட்டு முக்கால் வேக்காட்டில் எடுத்து, வெந்த தண்ணீரோடு கறிப் பாத்திரத்தில் சேர்த்துவிடுகிறேன். பிராய்லரோடும் ஒத்துப்போகிறது. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்களுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை.


நொய்யல் அடுப்பு எழுதியது:

குக்கர் வழியை நான் குறைசொல்லவில்லை. நடுவார நாளில் நானும் செய்கிறேன். ஆனால் தம்பி கேட்டது கறியின் சாறு தானியத்துக்குள் இறங்க வேண்டும் என்பது. மணி முதன்முதலில் குடிக்கும் நீர்தான் அதன் உள்ளே போய்த் தங்குகிறது. வெறும் தண்ணீரைக் குடித்து முக்கால் வயிறு நிரம்பிய கோதுமை, கறிச்சாற்றை மேலோட்டமாகத்தான் ஏற்கும். குக்கர்தான் வேண்டுமென்றால், கழுத்து, முதுகெலும்பு, பாதம் ஆகியவற்றை இஞ்சி, மிளகோடு கொதிக்கவைத்து வடித்த சாற்றில் கோதுமையை வேகவையுங்கள். கோழிக் கடையில் பாதங்களைக் கேட்டால் மலிவாகவே தருவார்கள்.

முதலில் எழுதும்போது புளிப்பைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். புளி விட்டால் பருப்பு வேகாது என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு அல்லவா? தவிட்டோடு இருக்கும் தானியத்துக்கும் ஓரளவு அதே நிலைதான். புளிப்பு அதன் தோலை இளக விடாது. தம்பி மூன்று தக்காளியும் அரை டம்ளர் தயிரும் தொடக்கத்திலேயே போட்டிருக்கிறார். தயிரை விட்டுவிடுங்கள். ஒரு தக்காளியை மட்டும், தானியம் முக்கால் பதம் வந்தபின் நறுக்கிச் சேருங்கள். புளிப்பு போதாதென்றால் இறக்கும்போது எலுமிச்சை பிழியலாம்.


காவிரிக்கரை எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. நேற்று நாட்டுக்கோழியும் சம்பா கோதுமையுமாக, அக்கா கொடுத்த அளவிலேயே செய்தேன். நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கோதுமையை ஊறவைத்தேன். காலையில் மணிகள் பருத்து, நகத்தால் கீறினால் வெட்டுப்படும் அளவுக்கு இளகியிருந்தன. கடைக்காரர் கோழியை வாட்டிக் கொடுத்தார். சிவக்க வறுக்கும்போது பொறுமை வேண்டியிருந்தது. மூன்று தவணையாகப் போட்டு எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. வெங்காயத்தைப் போட்டதும் அடியிலிருந்த பழுப்பு கரைந்து வெங்காயம் முழுவதும் தேன் நிறமானதைப் பார்த்தபோதே, சென்ற முறை நான் எதைத் தவறவிட்டேன் என்று புரிந்துவிட்டது. என் பாத்திரம் நடுவில் மட்டும் சூடேறும் பழக்கமுள்ளது என்பதால், அடுப்பின் மேல் பழைய இரும்புத் தோசைக்கல்லை வைத்து அதன் மேல் பாத்திரத்தை வைத்தேன். இம்முறை அடிப்பிடிக்கவே இல்லை. இதை என் மனைவிதான் நினைவூட்டினார்.

ஒரு மணி நேரத்தில் கோதுமை முக்கால் பதத்தில் இருந்தது, கறி இன்னும் முறுக்காகவே இருந்தது. அப்போது தக்காளியைச் சேர்த்தேன். எழுபது நிமிடத்தில் தண்ணீர் சற்றுக் குறைவாகத் தெரிந்ததால் ஒரு டம்ளர் கொதிநீர் விட்டேன். தொண்ணூறாவது நிமிடத்தில் கோதுமை மணிகள் நடுவில் வெடித்து வெள்ளை தெரிந்தது. கடித்தால் முதலில் தோல் லேசாக எதிர்த்து, பிறகு உள்ளே மெத்தென்று இருந்தது. தொடைக்கறி எலும்பில் நின்றது, விரலால் தள்ளினால் விலகியது. சாறு ஊற்றி ஓடவில்லை. மணிகளுக்கு நடுவே கெட்டியாக, உதட்டில் ஒட்டும் பிசுபிசுப்போடு இருந்தது. அப்பா இரண்டாம் முறை தட்டை நீட்டினார்.

இரண்டு சந்தேகங்கள். உப்பைத் தொடக்கத்திலேயே முழுவதும் போட்டேன், கடைசியில் சற்றுத் தூக்கலாகத் தெரிந்தது. மேலும் இரண்டு பேருக்கான உணவு மீந்துவிட்டது. குளிர்பெட்டியில் வைத்ததைக் காலையில் பார்த்தால் கல்லைப் போல இறுகிக் கிடக்கிறது. கெட்டுவிட்டதா?


நொய்யல் அடுப்பு எழுதியது:

கெடவில்லை, தம்பி. உதட்டில் ஒட்டியது என்றீர்களே, அதே சாறுதான் குளிரில் உறைந்து இறுகியிருக்கிறது. தோலிலும் எலும்பிலும் உள்ள பசை நன்றாகக் கரைந்திருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். தேவையானதை மட்டும் சட்டியில் போட்டு, அரை டம்ளர் வெந்நீர் தெளித்து, மூடிவைத்து ஆவி நன்றாகப் பறக்கும்வரை சூடாக்குங்கள். ஒரு முறை சூடாக்கியதை மறுபடியும் எடுத்து வைக்க வேண்டாம். இனிமேல் மீந்தால் இரவு முழுவதும் அடுப்புமேடையிலேயே விட்டுவிடாமல், இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான தட்டில் பரப்பி ஆற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். வெந்த தானியம் பாத்திரத்தோடு சூடாகக் கிடந்தால் வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் அதில் வளரும். அவை விட்டுச்செல்லும் நச்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

உப்பைப் பாதி மட்டும் கறியில் தடவுங்கள். சாறு சுண்டச் சுண்ட உப்பு ஏறும். மீதியை இறக்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு, ருசி பார்த்த பிறகு போடுங்கள்.


கரிசல் களத்துமேடு எழுதியது:

சூடாக்கும்போது ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையை உருவிப் போட்டுப் பாருங்கள். ஆவியிலேயே இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். அந்தக் கெட்டிச் சாற்றுக்கும் மிளகுக்கும் அது மிகவும் பொருந்தும்.